வெட்டவெளியில் நிற்கும் பைக்குக்குக் கவர்: தேர்வு முதல் துவைப்பது வரை

வெட்டவெளியில் வண்டி நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் மழைக்குப் பயந்துதான் கவர் வாங்குகிறார்கள். ஆனால் பைக் நனைவதற்கும் தயாராகச் செய்யப்பட்ட பொருள். நனைந்து, காற்றில் உலர்ந்துவிட்டால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வண்டியைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். இன்னொன்று, வெளியேற வழியில்லாமல் தங்கிப்போகும் ஈரம். வெயிலை அநேகமாக எந்தக் கவரும் தடுத்துவிடும். ஈரம் அப்படி இல்லை. சரியாகப் போடாத கவர் அதை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். கவர் போட ஆரம்பித்த பிறகு போல்ட்டுகள் துருப்பிடித்தன என்று சிலர் சொல்வது இதனால்தான். கீழே சொல்லப்போகிற பல படிகளும் அந்த ஈரத்தைச் சமாளிக்கத்தான்.

இங்கே பைக் என்று சொல்வது மோட்டார் பைக்கையும் ஸ்கூட்டரையும். சைக்கிளுக்கு மாறுபடுகிற விஷயங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

கவருக்குள் என்ன நடக்கிறது

மழையே இல்லாத இரவு. காலையில் கவரைத் தூக்கினால் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. உடனே "கவர் ஒழுகுது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். வானம் தெளிவாக இருக்கும் இரவில் கவரின் மேற்பரப்பு தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகும். தரையிலிருந்து கிளம்பும் ஈரம் உள்ளே சேர்ந்து, அந்தக் குளிர்ந்த துணியில் துளித்துளியாகப் படியும். விடிந்ததும் இன்னொரு கட்டம்: காற்று சீக்கிரம் சூடேறிவிடும், கனமான எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும். அப்போது எஞ்சின் மேலும் பிரேக் டிஸ்க் மேலும் நீர் படியும்.

ஒழுகலா, பனித்துளியா என்று கண்டுபிடிப்பது சுலபம். கவரின் உள்பக்கம் முழுக்க ஒரே மாதிரி நசநசப்பாக இருந்தால் அது உள்ளேயே படிந்த நீர். ஒரு தையலுக்கு நேர் கீழே சீட்டில் மட்டும் குளம் கட்டியிருந்தால், அது ஒழுகல். முதலாவதற்குக் காற்றோட்டம் வேண்டும், இரண்டாவதற்குத் தையலை அடைக்க வேண்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு இன்னும் கெட்டியான, காற்றே புகாத கவர் வாங்கினால் ஈரம் கூடத்தான் செய்யும்.

மண் தரையும் புல் தரையும் சிமென்ட் தரையை விட அதிக ஈரத்தை மேலே அனுப்பும். வேறு இடமில்லை என்றால் வண்டிக்குக் கீழே ஒரு கெட்டியான ரப்பர் விரிப்போ பழைய தார்ப்பாயோ போட்டாலே வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

துணி விஷயத்தில் பாலியஸ்டர்தான் என் தேர்வு. நைலான் உறுதியானது, ஆனால் தண்ணீரை உறிஞ்சித் தளரும், வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும். பிவிசி பூசிய கனமான கவரில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது. ஆனால் உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது. குளிரில் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். நீட்டி இழுத்தால் உடலோடு ஒட்டி நிற்கும் மெல்லிய துணிக் கவர்கள் கூரைக்குக் கீழே தூசிக்குப் போடுகிறவை. பார்க்க அழகாக இருக்கிறதென்று அதை வெளியே போட வேண்டாம்.

பையின் மேல் 190, 210, 300 என்று எண்கள் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் துணி கெட்டி என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் அங்கே இரண்டு அளவுகோல்கள் புழங்குகின்றன. டெனியர் என்பது நூலின் பருமன்: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் அதன் டெனியர். இழை எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இழைகள் என்ற கணக்கு. 190 இழை என்று போட்ட கவர் பெரும்பாலும் குடைத்துணி மாதிரி மெல்லியதாகத்தான் இருக்கும். வருடம் முழுக்க வெளியில் நிற்கும் வண்டிக்கு 300 டெனியராவது இருக்கட்டும். தினமும் கழற்றி மாட்டுகிறவருக்கு 210 டெனியர் கைக்கு அடக்கமாக இருக்கும். கனமான கவர் வாங்கிவிட்டு, மாட்டச் சோம்பல்பட்டு, அது மூலையில் கிடப்பதை விட இது மேல்.

துணியின் உள்பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். அதன் திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது அந்தக் கணக்கு. இந்தப் பூச்சு உள்ள துணி மூச்சு விடும் என்று எழுதியிருந்தாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஈரம் வெளியேறுவது துணி வழியாக அல்ல, பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துவாரங்கள் வழியாகவும் அடியில் இருக்கும் இடைவெளி வழியாகவும்தான். ஆகவே துவாரம் இரண்டு பக்கமும் இருக்கிறதா, அதன் மேல் கீழ்நோக்கித் திறக்கும் மடிப்பு இருக்கிறதா, உள்ளே வலை இருக்கிறதா என்று பாருங்கள். துவாரமே இல்லாத கவரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் தையல். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. கவரை உள்பக்கம் திருப்பித் தையல் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பான டேப் ஒட்டியிருந்தால் நல்லது, நூல் தட்டுப்பட்டால் அது ஒழுகும் இடம். நடு முதுகில், சீட்டுக்கு நேர் மேலே தையல் ஓடும் கவரை முடிந்தவரை தவிர்க்கலாம், தண்ணீர் தேங்குவது அங்கேதான்.

அளவுக்கு டேப் எடுத்து அளப்பதே நல்லது. முன் டயர் நுனியிலிருந்து பின்பக்கக் கடைசி வரை நீளம், ஒரு மிரரிலிருந்து மறு மிரர் வரை அகலம், தரையிலிருந்து மிரர் அல்லது முன்கண்ணாடியின் உச்சி வரை உயரம். பின்னால் பெட்டி மாட்டியிருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். கவரின் விளிம்பு தரைக்கு ஒரு சாண் மேலேயே நிற்கட்டும். தரையைத் தொடும் கவர் சேற்றையும் நீரையும் உறிஞ்சும், காற்று வரும் வழியையும் அடைத்துவிடும். பெரிதாக இருந்தால் காற்றில் அடித்துக்கொள்ளும். சிறிதாக இருந்தால் மிரர் முனையில் இழுபட்டுக் கிழியும்.

நிறம்? வெயில் கடுமையான இடத்தில் வெள்ளி நிறம். மற்றபடி உங்கள் இஷ்டம். சாலையோரம் நிறுத்துகிறவர்கள் ஒளி பிரதிபலிக்கும் பட்டை உள்ளதாகப் பார்த்து எடுங்கள், இருட்டில் கருப்புக் கவர் போட்ட வண்டி யார் கண்ணுக்கும் தெரியாது.

முதல் படி: ஆற விடுங்கள்

கவர் பாழாவதற்கு முதல் காரணம் சூடான சைலன்சர். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். பிவிசி இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகும். ஓடி வந்து நின்ற வண்டியின் சைலன்சர் வளைவு, எஞ்சினை ஒட்டிய இடத்தில், இதையெல்லாம் தாண்டிய சூட்டில் இருக்கும். வெப்பத் தடுப்புப் பட்டை உள்ள கவராக இருந்தாலும் அந்தப் பட்டை சரியாகச் சைலன்சர் மேல் உட்கார்ந்தால்தான் பயன்.

பொதுவாக அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் போதும். அவசரத்துக்கு ஒரு சோதனை: வளைவின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. சத்தமில்லாமல் வழிந்தால் 100 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்து, அனல் அடிக்கவில்லை என்றால் போடலாம். சைலன்சரின் வெளித்தகட்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அது முதலில் ஆறிவிடும், வளைவு கடைசியாகத்தான் ஆறும்.

ஏற்கெனவே உருகி ஒட்டிவிட்டதா? கத்தியால் சுரண்டாதீர்கள். எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, பிளாஸ்டிக் இளகியதும் அணைத்துவிட்டு, கையுறையோடு ஒரு மரத்துண்டால் வழித்தெடுங்கள். திறந்த வெளியில், கவரை முழுக்கக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. எந்தக் காரணத்துக்காகவும் கவருக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது.

இரண்டாம் படி: தூசியும் ஈரமும் போகட்டும்

தூசி படிந்த டேங்க் மேல் கவர் போட்டால், காற்றில் அது அசையும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் தேய்க்கிற வேலைதான் நடக்கும். கருப்பு பெயின்ட்டில் வலை வலையாகத் தெரியும் மெல்லிய கீறல்கள் பலவும் இப்படி வந்தவை. கழுவ நேரமில்லை என்றால் டேங்க், பக்கத் தகடுகள் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிடுங்கள். உலர்ந்த துணியால் துடைப்பது கீறலைக் கையாலேயே போடுவது மாதிரி ஆகிவிடும்.

மழையில் ஓட்டி வந்து நிறுத்துகிறீர்கள், இரவும் மழை வரும்போல இருக்கிறது. இந்த நிலைமைதான் எல்லோரையும் குழப்புவது. எஞ்சின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்: அது ஆறும் அரை மணி நேரத்தில் எஞ்சினைச் சுற்றியுள்ள ஈரம் தானாக ஆவியாகும். சீட், டேங்க், ஸ்விட்சுகள் ஆகியவற்றை மட்டும் மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கவரைப் பாதி உயரத்துக்கு மட்டும் போடுங்கள். விளிம்பைச் சுருட்டி மேலே செருகிவிட்டால் சக்கரமும் எஞ்சினும் திறந்தே இருக்கும். அவை நனைந்தாலும் காற்று அவற்றை உலர்த்திவிடும். ஈரப்பதம் எப்போதும் அதிகமாக இருக்கும் பகுதிகளில் வருடம் முழுக்கவே இப்படி அரைக் கவர் போதும் என்பது என் கருத்து. வெயில் அடித்தால் கெடும் சீட், டேங்க், மீட்டர், ஹெட்லைட் எல்லாமே மேல் பாதியில்தானே இருக்கின்றன.

கடலோரத்தில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு பிடிப்பதை வேகப்படுத்தும். வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் வண்டியை அலசி, உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிறகு கவர் போடுங்கள்.

மூன்றாம் படி: நிறுத்தும் திசை

கவர் போட்ட வண்டி காற்றை அதிகம் வாங்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. காற்று வலப்பக்கமிருந்து அடித்தால் வண்டியை ஸ்டாண்டு மேலேயே அழுத்தும், ஒன்றும் ஆகாது. இடப்பக்கமிருந்து அடித்தால் அதை நிமிர்த்தி மறுபக்கம் தள்ளிவிடும். ஆகவே ஸ்டாண்டு இருக்கும் பக்கம் சுவரை ஒட்டியோ, காற்று வராத திசையிலோ இருக்கட்டும். முதல் கியரில் விட்டுவிடுங்கள், ஸ்டாண்டிலிருந்து உருளாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக் லிவரைப் பிடித்து வைக்கும் கிளிப் இருந்தால் போடுங்கள். மண் தரையென்றால் ஸ்டாண்டின் காலுக்குக் கீழே ஒரு தட்டையான தகடு வேண்டும், மழையில் தரை இளகி வண்டி சாய்வது இதனால் தவிரும்.

புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கவரைக் கழற்றி வைப்பதே மேல். நனைந்த வண்டியைத் துடைத்துக்கொள்ளலாம், விழுந்த வண்டிக்கு லிவரும் மிரரும் வாங்க வேண்டும்.

நான்காம் படி: போடுவது

முன்பக்கம் எது என்று முதலில் பாருங்கள். மிரருக்கான பைகள் இருந்தால் குழப்பமில்லை. இல்லாவிட்டால் முன் விளிம்பின் உள்பக்கம் ஒரு வண்ண நூலைத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் செல்போன் வெளிச்சத்திலும் தெரியும்.

ஹேண்டிலில் ஆரம்பித்து இரண்டு மிரரையும் மூடிய பிறகு, மீதியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் நகருங்கள். டேங்க் மேல் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பின்பக்க எலாஸ்டிக்கைச் சக்கரத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, முன்பக்கத்தையும் அப்படியே செய்யுங்கள். நம்பர் பிளேட்டின் கூர்மையான முனை, கிளட்ச் லிவரின் நுனி, இண்டிகேட்டர் ஆகிய மூன்றும்தான் துணியைக் குத்தும் இடங்கள். அங்கே ஒரு சிறு பழைய துணியைச் சுற்றிவிட்டால் கவரின் ஆயுள் கூடும்.

அடுத்து வயிற்றுப் பட்டை. இதைப் பலர் கட்டுவதே இல்லை, குனிய வேண்டும் என்பதால். ஆனால் காற்றில் கவரைப் பிடித்து வைப்பது இந்தப் பட்டைதான், எலாஸ்டிக் இல்லை. பக்கிளை வண்டிக்கு அடியில் வீசி எறிந்தால் தெறித்துப் பெயின்ட்டில் படும். ஒரு குச்சியின் நுனியில் மாட்டி மறுபக்கம் தள்ளிவிடுங்கள். பட்டை செயின் மேலோ சைலன்சர் மேலோ படாமல், எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வரட்டும். கை நுழையும் அளவு தளர்வு போதும். கடைசியாகக் காற்றுத் துவாரங்கள் மடிந்து மூடிக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை.

பூட்டு

நல்ல கவர்களில் கீழ் விளிம்பில் உலோக வளையம் வைத்த ஓட்டை இருக்கும். கேபிளை அதன் வழியாகவும் சக்கரத்தின் வழியாகவும் கோத்துப் பூட்டினால் கவர் களவு போகாது, பறக்கவும் செய்யாது. வண்டியைக் காக்கும் கனமான செயின் தரையில் கிடக்காமல் உயரமாக இருக்கட்டும். தரையில் வைத்து அடித்து உடைப்பது எளிது. டிஸ்க் பூட்டு கவருக்குள் மறைந்துவிடுவதால் மறந்துபோய் வண்டியை எடுக்கும் ஆபத்து உண்டு. பூட்டிலிருந்து ஹேண்டில் வரை பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.

கழற்றும்போது

கையை உள்ளே விடுவதற்கு முன் சீட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். பூனை, எலி, குளவி, சில இடங்களில் பாம்புகூட அந்த நிழலைத் தேடி வரும். கவரின் மேலே தண்ணீர் தேங்கியிருந்தால் உள்ளே வராமல் ஒரு பக்கமாகச் சரித்து வடிய விடுங்கள். பிறகு இரு பக்க விளிம்பையும் முதுகின் மேல் மடித்துப் போட்டு, பின்னாலிருந்து முன்னால் சுருட்டிக்கொண்டு வாருங்கள். இப்படிச் செய்தால் வெளிப்பக்க அழுக்கு உள்பக்கம் ஒட்டாது, அடுத்த முறை ஹேண்டிலில் வைத்து அவிழ்த்தால் நேராக விரியும். உறைபனி விழும் இடங்களில் கவர் கண்ணாடியோடு ஒட்டி உறைந்திருந்தால் இழுக்காதீர்கள், வெயில் ஏறட்டும்.

ஈரமான கவரைப் பையில் போட்டு மூடிவிட்டால் சில நாட்களிலேயே பூஞ்சை வாடை வந்துவிடும். வழியில்லாமல் நனைந்தபடியே சுருட்ட நேர்ந்தால், அன்றைக்கே எங்காவது விரித்துப் போட்டுவிடுங்கள்.

துவைப்பது

வாஷிங் மெஷினில் போட வேண்டாம். சுழற்சியில் உள்பூச்சு மடிந்து உரிந்துவிடும். வெந்நீர், பிளீச், துணியை மிருதுவாக்கும் திரவம், அயர்ன் எல்லாமே பூச்சுக்கு ஆகாது. கவரை வண்டி மேலேயே வைத்துத் தேய்த்தால் அடியில் இருக்கும் பெயின்ட்டும் சேர்ந்து தேயும், எனவே தரையில் விரித்துத்தான் செய்ய வேண்டும். முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை அடித்து இறக்குங்கள். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். உள்பக்கத்தைப் பிரஷால் தொடாமல் ஸ்பாஞ்சால் மட்டும் துடையுங்கள். நுரை போகும்வரை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் துணி தண்ணீரை ஈர்க்கும். பிழியாமல் கொடியில் போட்டு, நிழலில், முதலில் உள்பக்கம் வெளியே இருக்கும்படியும் பிறகு திருப்பியும் உலர்த்துங்கள்.

பறவை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்ட வேண்டாம், ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்தால் தானாக வந்துவிடும். மரப்பிசினுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சு. ஒரு மூலையில் முதலில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஒழுகலும் கிழிசலும்

புதுக் கவர் மேல் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடும். சில மாதங்களில் அது துணியில் பரவி, நனைந்த நிறம் தெரிய ஆரம்பிக்கும். வெளிப்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம், உள்பூச்சு இன்னும் இருக்கலாம். கூடாரத் துணிக்கு அடிக்கும் நீர்விலக்கு ஸ்பிரேயைத் துவைத்து உலர்த்திய கவர் மேல் அடித்தால் மறுபடி பழைய நிலைக்கு வரும். தையல் ஒழுகலுக்கு உள்பக்கத்திலிருந்து தையல் அடைக்கும் பசையைப் பூசி ஒரு நாள் காய விடுங்கள்.

கிழிசலுக்கு ஊசிநூல் எடுக்காதீர்கள், ஒரு ஓட்டைக்குப் பதில் இருபது ஓட்டை ஆகும். அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டுப்போடும் துணி டேப்பை வெளியிலும் உள்ளிலும் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது.

பல வாரங்கள் நிற்கும் வண்டிக்கு

பெட்ரோல் டேங்க் இரும்பாக இருந்தால் நிரப்பி வையுங்கள்; காலி இடம் குறைந்தால் உள்ளே நீர் படிவதும் குறையும். டயரில் காற்று சரியான அளவில் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்றுவதானால் நெகட்டிவ் முனை முதலில். வாரம் ஒருமுறை வெயிலுள்ள வேளையில் கவரைத் தூக்கி ஓரிரு மணி நேரம் காற்று வாங்க விடுங்கள். அப்போதே வயர்களையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பாருங்கள், எலி கூடு கட்டுவது பெரும்பாலும் அங்கேதான். எடுக்கும் நாளில் சைலன்சர் வாயையும் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்க் மேல் மெல்லிய செந்துரு தெரிந்தால் பதற வேண்டாம், நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

சைக்கிளாக இருந்தால்

சைக்கிள் எடை குறைவு, கவரோடு சேர்த்துக் காற்று சாய்த்துவிடும். கம்பத்தோடு கட்டியே தீர வேண்டும். செயின் மூடாமல் இருப்பதால் எண்ணெய் இல்லாமல் கவர் போட்டால் சீக்கிரமே துரு தெரியும். மின்சார சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வண்டியில் இருக்கும் மின்முனைகளை அதற்கான மூடியால் மூடுங்கள். காரின் பின்னால் சைக்கிளை மாட்டி ஊருக்குக் கொண்டுபோகும்போது இந்தக் கவரைப் போட வேண்டாம், அந்த வேகத்தில் அது கிழிந்து பறக்கும்.

எப்போது மாற்றுவது

உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெள்ளைச் செதில்களாக உதிர்ந்தாலோ பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துவிட்டது. துவைத்தும் ஸ்பிரே அடித்தும் அதை மீட்க முடியாது, செதில்கள் சீட்டில் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். துணியை வெயிலுக்கு எதிராகப் பிடித்து ஊசி முனை அளவு வெளிச்சங்கள் தெரிந்தாலும், விரலால் இழுத்தால் காகிதம் போலக் கிழிந்தாலும் மாற்ற வேண்டிய நேரம்தான். தூக்கி எறிவதற்கு முன் நல்ல பகுதியைச் சீட் அளவுக்கு வெட்டி, பயணத்தில் நிறுத்தும்போது போட வைத்துக்கொள்ளலாம். பக்கிள், பட்டை, எலாஸ்டிக் மூன்றையும் கத்தரித்து எடுத்து வையுங்கள். புதுக் கவரில் முதலில் உடைவது பெரும்பாலும் பக்கிள்தான்.